சாவி பிறந்த நேரம்

ஆகஸ்ட் 25, திங்கட்கிழமை. காலை 11:05-க்கு ஜனனி தன்னிடமிருந்த பிட்காயின் முழுவதையும் அனுப்பினாள். மாலை ஐந்து மணிக்குள் அது வேறொரு முகவரியில் அவளிடமே வந்து சேர்ந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆறு மணிக்குப் பார்த்தபோது, அனுப்பச் சொன்ன இணையப் பக்கமே இல்லை.

மறுநாள் காலை 10:15. திருப்பூர் சைபர் கிரைம் நிலையத்தில், சப்-இன்ஸ்பெக்டர் சித்ரகலாவின் மேசைக்கு எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்தொன்பது. அழுது ஓய்ந்த முகம். மடியில் லேப்டாப், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"என்ன வேலை பாக்கீங்க?" என்றாள் சித்ரகலா. அவளுடைய அப்பா சாத்தூரிலிருந்து பனியன் கம்பெனிக்குப் பிழைக்க வந்தவர். இருபத்தைந்து வருடம் திருப்பூரில் இருந்தும் அந்தப் பேச்சு அவளை விட்டுப் போகவில்லை.

"டிசைனுங்க மேடம். டீ-ஷர்ட் பிரிண்டுக்கு வரைஞ்சு குடுப்பேன், ஊட்டுல இருந்தேதான். வெளிநாட்டுக்காரங்க மூணு பேர் வாங்கறாங்க. பிட்காயினாத்தான் அனுப்புவாங்க. நாலரை வருசமாச் சேர்த்துனதுங்க."

"வரி கட்டுனதுக்கு ஏதாவது இருக்கா?"

ஜனனி ஃபைலைத் திறந்து ரசீதுகளை எடுத்து வைத்தாள். ஒரு வருடம் கூட விடுபடவில்லை.

ஏட்டு அழகுமலை பக்கத்து மேசையிலிருந்து கேட்டார். "எங்க அனுப்புனீங்கன்னு சொன்னீங்க?"

"மிக்ஸருக்குங்க."

"மிக்சருக்கா?" என்று சிரிக்கப் போனவர், சித்ரகலா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

சித்ரகலாவுக்கு அது புதிதில்லை. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு பிட்காயின் போனது என்பதை உலகத்தில் யாரும் பார்க்கலாம். முகவரி யாருடையது என்பதுதான் மறைவு. அது ஒருவனுக்குத் தெரிந்துவிட்டால், நம் பணப்பெட்டியைக் கண்ணாடியில் செய்து அவன் வீட்டு வாசலில் வைத்த கணக்கு. பலருடைய காயின்களை ஒன்றாகக் கலந்து, அவரவர் பங்கைப் புது முகவரிக்கு அனுப்பித் தடத்தை அறுக்கும் சேவைகளுக்குத்தான் மிக்ஸர் என்று பெயர். திருடர்களும் அங்கே போவார்கள், பயந்தவர்களும் போவார்கள்.

"யாருக்குத் தெரியக் கூடாதுன்னு இதைப் பண்ணுனீங்க?"

"எங்க ஊட்டுக்காரருக்குங்க. ஒரு பில்லுல என்ற முகவரியைப் பார்த்துட்டாரு. அதுல இருந்து தெனமும் சாயங்காலம் போன்ல எடுத்து வெச்சுப் பார்ப்பாரு. போன தை மாசம் கோயமுத்தூர்ல ஒரு ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் கட்டலாம்னு கொஞ்சம் மாத்துனனுங்க. அரை மணி நேரத்துல வந்து கேட்டாரு."

சொல்லும்போது அவளுடைய வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அந்த எலும்பு ஒருமுறை உடைந்து கோணலாகக் கூடியிருந்தது. சித்ரகலா அதைப் பற்றிக் கேட்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

"சரி. ஏமாந்தது எப்படி?"

"அதுதானுங்க எனக்கும் தெரியலை. எல்லாம் பார்த்துத்தான் பண்ணுனேன்." ஜனனி நிமிர்ந்தாள். "காயின் வாங்கறதுக்கு முன்னால அவிங்க ஒரு உறுதிக் கடிதம் தருவாங்க. இந்த முகவரிக்கு அனுப்பு, நான் உன்ற புது முகவரிக்கு அனுப்பறேன்னு. அதுல அவிங்க ரகசியச் சாவியால கையொப்பம் இருக்கும். அந்தச் சாவிக்கு ஜோடியா ஒரு பொதுச் சாவி இருக்குதுங்க. அதை வெச்சுக் கையொப்பம் நெசமா பொய்யான்னு நாம பார்த்துக்கலாம்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேனுங்க. அந்தப் பக்கத்துலயே சரிபார்க்கறதுக்கு ஒரு பெட்டி குடுத்திருந்தாங்க. அதுல போடலை. பக்கமே பொய்யா இருந்தா அதுவும் சரின்னுதானே சொல்லும்? நெட்டைத் துண்டிச்சுட்டு என்ற லேப்டாப்புலயே பார்த்தேன். சரின்னு வந்துச்சு."

அவள் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். ஆகஸ்ட் 25, காலை 10:51. கடிதம் வந்த அந்த நிமிடமே எடுத்தது. பச்சை எழுத்தில் 'கையொப்பம் சரி' என்ற பொருளில் ஒரு வரி. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இன்னொரு வரி. சித்ரகலா அதைப் பெரிதாக்கிப் படித்தாள். இந்தச் சாவி இன்னாருடையதுதான் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை.

"இதைப் படிக்கலையா?"

"அது எப்பவும் வருமுங்க மேடம்" என்றாள் ஜனனி. பிறகு அவளே அந்த வரியை மறுபடி பார்த்தாள். குரல் இறங்கியது. "எப்பவும் வரும்னு விட்டுட்டேன்."

"பொதுச் சாவி உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"போன வருசம் எறக்கி பென் டிரைவுல வெச்சிருந்தேன். அந்தப் பக்கத்தோட முகவரியும் அதுலயேதான் இருக்குது. நெட்டுல தேடுனா விளம்பரத்துல பொய்ப் பக்கம் வரும்னு தேடவே இல்லீங்க."

"பென் டிரைவ் யார் கைக்காவது போச்சா?"

"இல்லீங்க. கைப்பையிலயேதான் கெடக்கும். லேப்டாப்தான் இந்த மாசம் பதினெட்டாம் தேதி அவர் கம்பெனிக்குப் போச்சு. அங்க கம்ப்யூட்டர் பார்க்கற ஜெயபாண்டி எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போட்டுக் குடுத்தாரு. அப்புறம் பென் டிரைவுல இருந்து சாவியை மறுபடி ஏத்துனேன்."

"இந்த ஏற்பாடு யாருக்கெல்லாம் தெரியும்?"

"அவருக்குத் தெரியாதுங்க. ஆடிப் பதினெட்டுக்கு, ஆகஸ்ட் மூணாந்தேதி, கணியூர் போயிருந்தப்ப அப்பாகிட்டயும் தம்பிகிட்டயும் சொன்னேன். ஒரு மணி இருக்குமுங்க, சாப்பிட்டுட்டு இருந்தோம். இனி அங்க இருக்க முடியாதுப்பா, இப்பிடி இப்பிடிப் பண்ணப் போறேன்னு. அப்பா ஒண்ணும் பேசலை. தம்பிதான் சரிக்கா, சூதானமாப் பண்ணுன்னான்."

அன்று மாலை சித்ரகலா ஒரு வேலை செய்தாள். ஜனனி செய்திருக்க வேண்டிய வேலை. ஒவ்வொரு சாவிக்கும் நாற்பது எழுத்தில் ஒரு கைரேகை உண்டு. அந்த மிக்ஸரின் உண்மையான சாவிக்கு என்ன கைரேகை என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று இடங்களில் தேடினாள். மூன்று வருடம் முந்தைய ஒரு விவாதப் பதிவு, ஒரு பழைய இணையக் காப்பகம், தொழில்நுட்பக்காரர்களின் ஒரு பட்டியல். மூன்றும் ஒன்றாக இருந்தன. பென் டிரைவில் இருந்த சாவியின் கைரேகை வேறு.

கடிதத்தில் கையொப்பம் சரியாகத்தான் இருந்தது. போட்டவன்தான் வேறு ஆள். பென் டிரைவில் எழுதியிருந்த பக்க முகவரியிலும் ஓர் எழுத்து மாறியிருந்தது.

லேப்டாப்பும் பென் டிரைவும் கோவை ஆய்வகத்துக்குப் போயின.

ஆகஸ்ட் 29, வெள்ளி. மதியம் 12:30.

ஜனனியின் கணவன் நவநீதனின் பனியன் கம்பெனி தாராபுரம் சாலையில், அவிநாசிபாளையம் தாண்டி இருந்தது. கீழே தையல் மெஷின்களின் இரைச்சல். மேலே குளிரூட்டிய அறை. அவன் எழுந்து நின்று வரவேற்றான்.

"உக்காருங்க மேடம். காப்பி சொல்லட்டுங்களா?"

"வேண்டாம். உங்க மனைவியோட பிட்காயின் போனது எப்ப தெரியும்?"

"அன்னைக்குச் சாயங்காலமேங்க. போன்ல பார்த்தேன், பூரா காலி."

"யாருகிட்டயாவது கேட்டீங்களா?"

"அவகிட்டத்தானுங்க கேட்டேன்." நாற்காலியில் சாய்ந்து, "கேக்கறதுக்கு எனக்கு உரிமை இல்லீங்களா?" என்றான்.

"லேப்டாப்பை ஏன் அழிக்கச் சொன்னீங்க?"

"ஸ்லோவா இருக்குதுன்னு அவதானுங்க சொன்னா."

"ஆகஸ்ட் மாசம் மூணாம் தேதி எங்க இருந்தீங்க?"

"ஞாயித்துக்கெழமைங்களா? ஷிப்மெண்ட் இருந்துச்சு. நான் மட்டும் இங்கதான் இருந்தேன். அவ அவங்கப்பா ஊட்டுக்குப் போயிருந்தா."

மேசைமேல் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி ஒன்று, மஞ்சள் தடவாமல் கிடந்தது. சித்ரகலா அதைத் திருப்பிப் படித்தாள். மணமகள் நித்யஸ்ரீ. மணமகன் ரித்தீஷ், கணியூர் மகுடேஸ்வரன் மகன்.

"என்ற தங்கச்சிங்க" என்றான் நவநீதன். "மாப்பிள்ளை ஜனனி தம்பிதான். பொண்ணு எடுத்த ஊட்டுக்கே பொண்ணு குடுக்கறோம். ஐப்பசியில கல்யாணம். இந்த நேரத்துல இவ போலீசுக்குப் போறா, பாருங்க."

ஜெயபாண்டி கீழே ஒரு சின்ன அறையில் இருந்தான். சிவகாசிப் பக்கத்துக்காரன். சித்ரகலாவின் பேச்சைக் கேட்டதும் கொஞ்சம் தைரியம் வந்தது.

"லேப்டாப்பை அழிச்சுப் போட்டேன், வாஸ்தவந்தான் மேடம். அதுல இருந்ததை ஓனரு காப்பி எடுத்துத் தரச் சொன்னாரு. எடுத்தும் குடுத்தேன். ஆனா பென் டிரைவை நான் கண்ணால பாக்கல. அந்தக்கா அதைக் குடுக்கவே இல்ல."

"ஓனர் காப்பி கேட்டாருன்னு எழுதித் தருவீங்களா?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு தலையசைத்தான்.

செப்டம்பர் 2. ஆய்வக அறிக்கை வந்தது. மூன்று பக்கம். இரண்டு வரிகளை இன்ஸ்பெக்டர் தங்கவேலு சிவப்புப் பேனாவால் கோடிட்டிருந்தார்.

போலிச் சாவி உருவாக்கப்பட்ட நேரம்: ஆகஸ்ட் 3, 10:42.
உறுதிக் கடிதத்தில் கையொப்பம் இடப்பட்ட நேரம்: ஆகஸ்ட் 25, 05:21.

"சாவி பிறந்த நேரம் சாவிக்குள்ளேயே இருக்குது பாருங்க" என்றார் தங்கவேலு. "பத்து நாற்பத்திரண்டு. அந்தப் பொண்ணு வீட்டுல சொன்னது மத்தியானம் ஒரு மணிக்கு. அதுக்கு முன்னாடியே சாவி தயார். அப்ப யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? லேப்டாப்பை நோண்டிப் பார்க்கறவனுக்குத்தான். புருசன். அன்னைக்குக் கம்பெனியில தனியா இருந்திருக்கான். தூக்கிருவோமா?"

"மூணு நாள் குடுங்க சார்."

"ஏன்?"

"காயின் இன்னும் நகரல."

தினமும் காலையில் நிலையத்துக்கு வந்ததும் சித்ரகலா அதைத்தான் முதலில் பார்த்தாள். ஜனனி அனுப்பிய காயின் போய்ச் சேர்ந்த முகவரி எல்லோரும் பார்க்கத் திறந்து கிடந்தது. காசுக்காகத் திருடியவன் முதல் மணி நேரத்திலேயே அதை நூறு துண்டாக்கி விரட்டியிருப்பான். எட்டு நாளாகியும் அது போட்ட இடத்தில் போட்டபடி இருந்தது. கையில் எடுத்ததை யாரும் தொடவே இல்லை.

தங்கவேலு போன பிறகு அவள் அறிக்கையை மறுபடி படித்தாள். முதல் வரியைப் பார்த்தே எல்லோரும் நின்றுவிட்டார்கள். இரண்டாவது வரியை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஜனனியின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். மேசையில் டீ ஆறிப் போனது.

செப்டம்பர் 5. காலை 11:00.

"ஒரு வாக்குமூலத்துல கையெழுத்து வேணும்" என்று சொல்லித்தான் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தாள். நவநீதன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜனனியின் அப்பா மகுடேஸ்வரன் வெள்ளை வேட்டி சட்டையில், பெஞ்சின் ஓரத்தில் இருந்தார். கணியூரில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், கண்டால் ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கும் மனிதர். ரித்தீஷுக்குக் கோவையில் மென்பொருள் வேலை. ஆபீசுக்குப் போகிற வழியில் தோளில் பையோடு வந்திருந்தான். இருபத்தைந்து வயது. அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

சித்ரகலா அறிக்கையை மேசைமேல் விரித்தாள்.

"ஜனனி, உறுதிக் கடிதம் உங்களுக்கு எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"பத்து அம்பத்தொண்ணுங்க. கேட்ட உடனே வந்துச்சு."

"இந்த அறிக்கையில அஞ்சு இருபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. நீங்க கேக்கறதுக்கு அஞ்சரை மணி நேரம் முன்னாடி. ஆனா அந்தக் கடிதத்துல உங்க புது முகவரி இருக்கு. அதை நீங்க பத்தரைக்கு மேலதான் உருவாக்குனீங்க. இல்லாத முகவரிக்கு விடியக்காலையிலயே எவன் கடிதம் எழுதியிருப்பான்?"

சித்ரகலா அறிக்கையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"லேப்காரங்க தப்பா எழுதல. அவங்க உலகப் பொது நேரத்துல எழுதியிருக்காங்க. நம்ம கடிகாரத்துக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டணும். கூட்டுனா பத்து அம்பத்தொண்ணு சரியா வருது." விரல் மேல் வரிக்குப் போனது. "அதே மாதிரி இதையும் கூட்டணும். பத்து நாற்பத்திரண்டு காலையில இல்ல. சாயங்காலம் நாலு பன்னெண்டு. ஜனனி சொல்லி முடிச்சு மூணு மணி நேரம் கழிச்சு."

ரித்தீஷின் கை பையின் வாரில் இருந்தது. அது அசையவில்லை.

"ஆடிப் பதினெட்டு சாயங்காலம் நாலு மணிக்கு எங்க இருந்தீங்க ஜனனி?"

"ஆத்துல. அமராவதிக்கு முளைப்பாரி விடப் போயிருந்தோம். பொம்பளைங்க எல்லாரும்." அவள் மெதுவாகச் சொன்னாள். "கைப்பையை ஊட்டுலயே வெச்சுட்டுப் போனேன்."

"வீட்டுல யார் இருந்தா?"

ஜனனி கையிலிருந்த டம்ளரையே பார்த்தாள். பக்கத்தில் இருந்தவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நவநீதன் நல்லவர்னு நான் சொல்ல வரல" என்றாள் சித்ரகலா. "ஜனனியோட ஒடைஞ்ச கைக்கு அவரு தனியாப் பதில் சொல்லணும், காப்பி எடுத்ததுக்கும் சொல்லணும். ஆனா அவருக்கு இந்தக் காயின் கிடைச்சிருந்தா அன்னைக்கே எடுத்திருப்பாரு. எடுத்தவனுக்குக் காசு வேண்டாம். அக்காகிட்ட அது இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அவ வீட்டை விட்டு வந்துட்டா ஐப்பசிக் கல்யாணம் நின்னு போகும். ரித்தீஷ், அந்தப் பையைக் குடுங்க."

அவன் கொடுத்தான். லேப்டாப்பைத் திறக்கும் எண்ணையும் கேட்காமலே சொன்னான். அழகுமலை தேட வேண்டியிருக்கவில்லை. போலிச் சாவியின் ரகசியப் பாதி அதில் இருந்தது.

"எனக்கு ஒரு பைசா வேண்டாமுங்க" என்றான் ரித்தீஷ். "எடுக்கவும் இல்லை. அப்படியேதான் இருக்குது. யாரு வேணா பார்க்கலாம்."

"பாத்தேன். திருப்பி அனுப்பு. இப்பவே, என் கண்ணு முன்னால."

அவன் உதடு கோணியது. "முடியாதுங்க."

"ஏன்?"

"அதைத் திறக்கற பன்னெண்டு வார்த்தையை எழுதி வெச்சிருந்தேன். கல்யாணம் முடிஞ்சதும் குடுத்திரலாம்னுதான் நெனைச்சேன். அடுத்த நாள் அக்கா போன்ல அழுதா. கேக்க முடியலீங்க. கையில இருந்தா குடுத்துருவேன்னு பயமாப் போச்சு. எரிச்சுட்டேன்."

"வேற எங்கயும் இல்லையா?"

"இல்லீங்க."

மேசையில் இருந்த திரையில் அந்த முகவரி திறந்தே இருந்தது. நாலரை வருட வரைபடங்கள், தொலைத்த ராத்திரித் தூக்கங்கள், ஒரு ஹாஸ்டல் அறை, எல்லாம் ஒரு வரியில். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இனி யாராலும் தொட முடியாது.

நவநீதன் மெல்லச் சிரித்தது எல்லோருக்கும் கேட்டது. அழகுமலை அவன் தோளில் கை வைத்துப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார். கை முறிந்த வழக்குக்கு அங்கே தனி வாக்குமூலம் காத்திருந்தது.

சித்ரகலா எழுத உட்கார்ந்தாள். அப்போதுதான் கவனித்தாள். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ரித்தீஷ் ஒருமுறை பெஞ்சின் ஓரத்தைப் பார்த்திருந்தான். இப்போதும் பார்த்தான்.

ஜனனியும் அதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா" என்றாள். "உங்களுக்குத் தெரியுமா?"

மகுடேஸ்வரன் தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார். மறுபடி விரித்தார்.

"நாந்தான் சொன்னேன், கண்ணு. அவனுக்கு இதெல்லாம் பண்ணத் தெரியும், எனக்கென்ன தெரியும். காசு இருந்தாப் போயிருவே. இல்லீன்னா கொஞ்ச நாள் பொறுத்துப் போவே. எல்லாம் சரியாப் போயிரும்னுதான்."

"கை ஒடைஞ்சப்ப நீங்கதானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போனீங்க."

"ஆமா, கண்ணு."

"வழுக்கி விழுந்துட்டான்னு டாக்டர்கிட்ட நீங்கதான் சொன்னீங்க."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சித்ரகலாவைப் பார்த்துக் கைகூப்பினார். "அம்மணி, பையன் வாழ்க்கைங்க. புகார் வேண்டாம்னு எழுதி வாங்கிக்குங்க. ஊட்டுக்குள்ள பேசித் தீர்த்துக்கறோம். அவளும் அதுக்குத்தான் ஒத்துக்குவா."

சித்ரகலா ஜனனியைப் பார்த்தாள். சட்டப்படி எழுத முடிந்ததை அவள் எழுதுவாள். அதற்கு மேல் அவள் கையில் எதுவும் இல்லை. எத்தனை பெண்கள் இதே நாற்காலியில் உட்கார்ந்து, இந்த நிமிடத்தில் ஒத்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறார்கள் என்பதை அவள் எண்ணுவதை விட்டுப் பல நாளாகிவிட்டது.

ஜனனி டீ டம்ளரைத் தரையில் வைத்தாள். அவள் அழவில்லை.

"மேடம், புகார்ல தம்பி பேர் எழுதியாச்சுங்களா?"

"எழுதிட்டேன்."

"அதுக்குக் கீழ எங்கப்பா பேரையும் எழுதிக்குங்க. மகுடேஸ்வரன். தகப்பனார் பேர் கிட்டுசாமி." பேனா நிற்கும் வரை பொறுத்தாள். "வயசு அறுபத்திரண்டுங்க."

பெஞ்சின் ஓரத்தில் இருந்தவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவள் மேசையிலிருந்த தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பெயர் சரியாக எழுதப்படுகிறதா என்று.